மாதவிடாயும் மகளிர் மனமும்

1872-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் ரோம் என்னும் ஊரில், ராபர்ட் பேட்டி என்ற வைத்தியர் ஓர் இளம்பெண்ணின் வயிற்றைக் கீறிச் சூலகங்களை அகற்றினார். சூலகம் என்பது கருமுட்டை விளையும் உறுப்பு. அதில் கட்டியோ புற்றோ கண்டு அவர் அவ்வாறு செய்யவில்லை. திங்கள்தோறும் அவள் பட்ட துன்பத்திற்கு வேர் அங்கே இருக்கிறது, வேரைக் களைந்தால் துன்பம் தீரும் என்பதே அவர் எண்ணம். வயிற்றைக் கீறுவதே உயிருக்கு ஆபத்தாக இருந்த காலம் அது. அப்பெண் பிழைத்துக்கொண்டாள். பிறகென்ன, வலிப்பு, சித்தக் கலக்கம், ஹிஸ்டீரியா என்று எந்தப் பெயர் கூறி வந்த பெண்ணுக்கும் அந்த அறுவை ஏற்றதென்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கைகள் துணிந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் சூலகத்தை இழந்தனர். பலர் உயிரையும் இழந்தனர்.

ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பெண்ணின் மனக்குறை எதுவாயினும் கருப்பையின் மேல் பழி போடும் பழக்கம் அவ்வளவு பழமையானது.

பேட்டி கத்தி எடுத்த மறு ஆண்டு, 1873-இல், பாஸ்டன் நகரத்து டாக்டர் எட்வர்ட் கிளார்க் ஒரு நூல் வெளியிட்டார். பருவமெய்திய பெண்கள் ஆண்களைப்போல் கடுமையாகப் படித்தால் அவர்களது இனப்பெருக்க உறுப்புகள் கெட்டுவிடும் என்பது அதன் சாரம். கல்லூரிக் கதவைச் சாத்த விரும்பியவர்களுக்கு அது நல்ல தாழ்ப்பாளாயிற்று. அக்கருத்தைச் சோதித்துப் பார்க்க முன்வந்தவர் ஒரு பெண்மணியே. லீட்டா ஹாலிங்வொர்த் அம்மையார் 23 பெண்களையும், ஒப்பிடுவதற்காக 2 ஆண்களையும் வைத்து, கை நடுங்காமை, நிறங்களின் பெயரைச் சொல்லும் வேகம், தட்டச்சு போன்றவற்றைப் பல வாரங்கள் அளந்தார். மாதவிடாய் நாட்களில் பெண்களின் திறமை குறையவில்லை என்று 1914-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து அவருடைய ஆய்வு வெளிவந்தது. ஆனால் வேலையில் குறைவு இல்லை என்பது ஒன்று; உள்ளத்தில் வேதனை இல்லை என்பது வேறொன்று. பிழையின்றித் தட்டச்சு செய்துவிட்டு, வீடு சென்று காரணம் தெரியாமல் அழுபவளை அந்தச் சோதனை கண்டுகொள்ளாது.

இதற்கிடையே 1896-இல் வியன்னாவில் எமில் நாவர், சூலகத்தை எடுத்து முயலின் உடலில் வேறோரிடத்தில் ஒட்டினாலும் கருப்பை சுருங்காமல் இருப்பதைக் கண்டார். அப்படியானால் சூலகம் நரம்பு வழியாக அன்று, இரத்தத்தில் எதையோ கலந்து வேலை செய்கிறது! அந்த 'எதையோ' 1929-இல் ஈஸ்ட்ரோஜன் வகையில் ஒன்றாகவும், 1934-இல் புரொஜெஸ்டெரோனாகவும் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. மாதவிடாய்க்குப் பின் முதல் இரு வாரங்களில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. கருமுட்டை வெளிப்பட்டபின் புரொஜெஸ்டெரோனும் சேர்ந்து ஏறுகிறது. அடுத்த மாதவிடாய்க்குச் சற்று முன் இரண்டும் சரிகின்றன. 2007-இல் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, பரிசு கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் வேளையில் இன்ப உணர்வைச் சார்ந்த மூளைப் பகுதிகள் முதற் பாதியிலே மிகுதியாகக் கிளர்வது தெரிந்தது.

ஹார்மோன் கிடைத்ததும் பழி அதன்மேல் வந்தது. 1931-இல் நியூயார்க் டாக்டர் ராபர்ட் ஃபிராங்க், மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பதற்றமும் சிடுசிடுப்பும் தாங்காமல் தவித்த 15 பெண்களைப் பற்றி எழுதினார். ஈஸ்ட்ரோஜன் மிகுந்துவிட்டது என்பது அவர் முடிவு; கடுமையான நிலையில் சூலகத்தின்மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார். இலண்டனில் காத்தரினா டால்டன் அம்மையார், ரேமண்ட் கிரீனுடன் சேர்ந்து 1953-இல் எழுதிய கட்டுரையில் இத்துன்பத்திற்கு இன்றும் வழங்கும் பெயரை நிலைநாட்டினார். அவர் கண்ட காரணம் புரொஜெஸ்டெரோன் பற்றாக்குறை. ஒருவர் மிகுதி என்றார், மற்றவர் குறைவு என்றார். இருவரும் அளவைப் பற்றியே பேசினர். பெண்களின் சொல்லைப் பொய்யென்று தள்ளாமல் கேட்ட பெருமை டால்டனுக்கு உண்டு. ஆயினும் அவர் தந்த புரொஜெஸ்டெரோன், 1990-இல் வெளியான பெரிய சோதனையொன்றில் வெறும் போலி மருந்தைவிட மேலாக வேலை செய்யவில்லை. இரத்தத்தை அளந்தவர்களும் துன்புறுபவளுக்கும் மற்றவளுக்கும் ஹார்மோன் அளவில் வேறுபாட்டைக் காணவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது 1998-இல். அமெரிக்கத் தேசிய மனநல நிலையத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ ஆகியோர், துன்புறும் பெண்கள் 10 பேருக்கு மருந்தால் சூலகத்தின் வேலையை நிறுத்திவைத்தனர், துன்பம் குறைந்தது. பிறகு ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்டெரோனையும் வெளியிலிருந்து தந்தனர். துன்பம் திரும்பி வந்தது. இத்துன்பம் அறியாத 15 பெண்களுக்கும் அதே மருந்து, அதே ஹார்மோன் கொடுக்கப்பட்டன. அவர்கள் மனத்தில் மாறுதல் எதுவும் இல்லை! மிகுதியுமன்று, குறைவுமன்று, இயல்பான அளவு ஹார்மோனையே சிலருடைய மூளை வேறு விதமாக ஏற்கிறது. பேட்டியின் கத்தி தேடிய இடம் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?

புரொஜெஸ்டெரோன் உடலில் சிதையும்போது அல்லோபிரெக்னனொலோன் என்ற பொருள் உண்டாகிறது. தூக்க மருந்தைப்போல் மூளையின் படபடப்பை அடக்கக்கூடியது அது. பெரும்பாலோருக்கு அமைதி தரும் அப்பொருளே சிலருக்கு எரிச்சலையும் துயரையும் மூட்டுவதாகத் தெரிகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோயை 1987-இல் தன் நூலின் பின்னிணைப்பில் மட்டும் சேர்த்தது. வேலை மறுப்பவர்களுக்கு அது இன்னொரு சாக்காகும் என்று பெண்கள் சிலரே எதிர்த்தனர். கிளார்க்கின் நூலை நினைத்தால் அந்த அச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது. முழு நோயாக 2013-இல்தான் இடம் பெற்றது. 2017-இல் அதே தேசிய நிலையத்தார், துன்புறும் பெண்களின் இரத்த வெள்ளணுக்களை வளர்த்துப் பார்த்தபோது, ஹார்மோனுக்கு ஏற்ப இயங்கும் மரபணுத் தொகுதியொன்று அவற்றில் வேறு விதமாக வேலை செய்வதைக் கண்டனர். குணக்கேடு என்று கணவனும் மாமியும் ஏசிய ஒன்று, கண்ணாடிக் குப்பியில் வளர்ந்த அணுவிலும் தெரிந்தது.