ஒற்றும் நூலும்: பாரதியார் நூல்களும் ஆட்சியின் கண்காணிப்பும்

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம், ஒற்றினையும் நூலினையும் வேந்தனுக்கு இரு கண்களாக வைத்துத் தொடங்குகின்றது. அவ்வொற்று நூலையே பகையாகக் கொண்டால் ஆட்சி எத்தன்மைத்தாகும் என்பதை, 1949-இல் வெளிவந்த 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு' என்னும் ஆங்கில நாவலில் ஜார்ஜ் ஆர்வெல் புனைந்து காட்டினார். அந்நாவலின் அரசு குடிகளை இடையறாது உற்று நோக்குவதுடன், பழைய செய்தித்தாள்களையும் திருத்தி எழுதுகின்றது. எரிக் பிளேர் என்னும் இயற்பெயருடைய அவ்வாசிரியர், 1922 முதல் 1927 வரை பர்மாவில் ஆங்கில ஆட்சியின் காவல்துறையிற் பணிபுரிந்தவர். அவ்வாட்சியின் கண்காணிப்பு தமிழிலக்கியத்தின்மேற் படிந்த வரலாற்றை ஈண்டு ஆராய்வாம்.

1908-இல் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். ஆங்கில அரசின் ஒற்றர் அங்கும் அவரைத் தொடர்ந்தனர். 1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டபின் அக்கண்காணிப்பு மிகுந்தது. அவ்வாண்டிலேயே 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' என்னும் நூல்கள் தடைசெய்யப்பட்டன. 'கனவு' தன்வரலாற்றுச் செய்யுளாகும். ஒருவர் தம் இளமையை நினைந்து பாடியதும் குற்றமாயிற்று என்பது கருதற்பாலது. 1918 நவம்பரில் கடலூரையடுத்துக் கைதான அவர், எழுதுவனவற்றை வெளியிடுமுன் காவல்துறைக்குக் காட்டல் வேண்டும் என்பது முதலிய நிபந்தனைகளுடன் டிசம்பரில் விடுதலை பெற்றார்.

அவ்வாண்டில் வெளிவந்த ரௌலட் குழுவின் அறிக்கை, ஒற்றறிந்த செய்திகளை வரலாறாக வகுத்தது. 1908-ஆம் ஆண்டுத் திருநெல்வேலி எழுச்சியும் ஆஷ் கொலையும் சதி என்னும் ஒரே சரட்டிற் கோக்கப்பட்டன. வ. உ. சிதம்பரனாரின் கப்பல் முயற்சியும் தூத்துக்குடி ஆலைத் தொழிலாளரின் குறைகளும் அப்பெயருள் அடங்குவன அல்ல. நிகழ்ச்சியை மறையாது, அதற்குப் பெயரிடும் உரிமையை மட்டும் கைக்கொள்வதும் வரலாற்றைத் திரித்தலேயாம்.

பாரதியார் 1921-இல் மறைந்தபின்னும் அச்சம் தீர்ந்திலது. பிளேர் பர்மாவை நீங்கிய மறுவாண்டாகிய 1928-இல், பர்மா அரசு பாரதியார் பாடல்களைத் தடைசெய்தது. சென்னை அரசும் அதனைப் பின்பற்றி நூல்களைக் கைப்பற்றியது. சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் இதனைக் கண்டித்துப் பேசினார். இறுதியில், ஆர்வெல் நாவல் வெளிவந்த 1949-லேயே, சென்னை அரசு அப்பாடல்களின் உரிமையைத் தானே பெற்றது. பின்னர் அவை மக்கட்குப் பொதுவாயின.

நாவலுக்கும் இவ்வரலாற்றிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாவலின் அரசு சான்றுகளை எரித்தழித்தது. ஆங்கில அரசோ தான் ஒற்றறிந்தவற்றுட் பலவற்றைக் கட்டிக் காத்தது. கவிஞரை ஒடுக்க எழுதிய குறிப்புகளே இன்று அவர்தம் வரலாற்றிற்குச் சான்றாகின்றன. பெருங்களத்தூரில் புறநகர்த் தொடர்வண்டி ஏறும் ஆய்வு மாணவர், எழும்பூரில் இறங்கி ஆவணக் காப்பகத்தை அடைதல் எளிது. ஆயினும், ஒற்றன் தன் மேலோர் விரும்பியதை எழுதும் இயல்பினன். ஓர் ஒற்றன் கூற்றைப் பிறிதோர் ஒற்றன் கூற்றோடு ஒத்துப் பார்த்தே கொள்க என்பது வள்ளுவர் நெறி. ஆவணத்தை 'இந்தியா', 'சுதேசமித்திரன்' முதலிய இதழ்களோடும் உடனிருந்தோர் நினைவுகளோடும் ஒப்புநோக்காதவர், ஒற்றன் எழுதிய வரலாற்றையே மீண்டும் எழுதுவோராவர்.