பிறவித் தடுப்பாற்றல் குறைபாடுகள்

மரபணுப் பிழையால் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு பழுதுபட்டு உண்டாகும் நோய்களின் தொகுதி இது. காரணமான மரபணுக்கள் 450-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. எச்.ஐ.வி. கிருமியால் பின்னாளில் வரும் குறைபாட்டிலிருந்து இவை வேறுபட்டவை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

1952-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், திரும்பத் திரும்ப நிமோகாக்கஸ் தொற்றுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவனின் ரத்தத்தில் காமா குளோபுலின் எனும் எதிர்ப்புரதம் அறவே இல்லை என்று கண்டார். அதை மாதந்தோறும் ஊசியாகச் செலுத்தியதும் தொற்றுகள் அடங்கின. இக்குறைபாடுள்ள குழந்தைகள் பிறந்து ஆறு மாதம்வரை நன்றாகவே இருப்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதம் தீர்ந்தபின் சீழ்க்காதும் நிமோனியாவும் தொடங்கும். வாயைத் திறந்து பார்த்தால் டான்சில் மிகச் சிறிதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால், தாய்மாமன் யாரேனும் சிறுவயதில் இறந்தார்களா என்று கேட்பது பல பரிசோதனைகளுக்குச் சமம்.

சிறுபிள்ளைக்கு அடிக்கடி சளி பிடிப்பது நோயல்ல. ஓராண்டில் இருமுறை நிமோனியா, நான்கு முறை அல்லது அதற்கு மேல் காதில் சீழ், உள்ளுறுப்புகளில் சீழ்க்கட்டி, ஆறாத வாய்ப்பூஞ்சைப் புண், எடை ஏறாமை ஆகியவையே ஐயத்துக்குரியவை. எந்தக் கிருமி தாக்குகிறது என்பதும் பழுதின் இடத்தைச் சொல்லும். ஈரலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கட்டியோ நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையோ வந்தால், கிருமியை விழுங்கும் வெள்ளணுக்களின் செயலைச் சோதிக்க வேண்டும். தொப்புள்கொடி ஒரு மாதமாகியும் விழாமல், வெள்ளணு எண்ணிக்கை மிகுந்தும் புண்ணில் சீழ் கோக்காமலிருந்தால், அவ்வணுக்கள் ரத்தக்குழாயை விட்டு வெளியேற முடியாத குறைபாடாக இருக்கலாம்.

இவற்றில் மிகக் கொடியது, லிம்போசைட் எனும் வெள்ளணுக்கள் சரிவர உருவாகாத கடுமையான கூட்டுக் குறைபாடு. இதன் முதல் தடயம் எந்தச் சிற்றூர் ஆய்வகமும் தரும் ரத்த அணு எண்ணிக்கையிலேயே கிடைக்கிறது. மொத்த வெள்ளணு 6,000, அதில் லிம்போசைட் 20 விழுக்காடு என்றால் கணக்கு 1,200. பெரியவருக்கு இது இயல்பு. மூன்று மாதக் குழந்தைக்கு 3,000-க்குக் குறைந்தாலே ஆபத்து அறிகுறி. அறிக்கையில் அச்சிட்டிருப்பது பெரியவர்களுக்கான அளவு என்றால், யாரும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இது தவிர்க்கக்கூடிய இழப்பு. தொற்று வரும் முன், மூன்றரை மாதத்துக்குள் எலும்பு மஜ்ஜை மாற்று செய்யப்பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். பச்சிளங்குழந்தையின் குதிகாலில் எடுக்கும் ரத்தத்துளியில் இதைக் கண்டறியும் திட்டம் 2008-இல் விஸ்கான்சினில் தொடங்கி, பத்தாண்டுகளில் அமெரிக்கா முழுவதும் பரவியது. இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் அது கிடைப்பதில்லை.

அடுத்த கட்டமாக இம்யூனோகுளோபுலின் எனும் எதிர்ப்புரதங்களின் அளவுகள், தடுப்பூசிக்கு உடல் எதிர்ப்புரதம் உண்டாக்குகிறதா என்ற சோதனை, வெள்ளணு வகைகளை எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, இறுதியில் மரபணுப் பகுப்பாய்வு. இம்யூனோகுளோபுலின் ஏற்றும் முன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். ஏற்றியபின் தானம் தந்தவர்களின் எதிர்ப்புரதமே முடிவில் தெரியும். இந்நோயாளிகளிடம் எச்.ஐ.வி.யை விலக்கவும் எதிர்ப்புரதச் சோதனையை நம்பாமல் கிருமியையே தேடும் பி.சி.ஆர். செய்வதே சரி.

பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது, எதிர்ப்புரதம் குறையும் பொது மாறுபடு குறைபாடு. பெரும்பாலும் 20 வயதுக்குமேல் வெளிப்படும். ஓயாத சைனஸ், மூச்சுக்குழல் விரிவு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, தட்டணுக் குறைவு என்று வெவ்வேறு மருத்துவர்களிடம் சிதறிக்கிடக்கும் அறிகுறிகளை ஒருவர் சேர்த்துப் பார்க்காதவரை நோய் பிடிபடாது. சளியில் கிருமி காணாமலே காசநோய் மருந்தை மீண்டும் மீண்டும் தருவதற்கு முன் இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்ப்பது நலம்.

பிறவித் தடுப்பாற்றல் குறைபாடுகளில் பல, பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால் மட்டுமே தோன்றுபவை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் குடும்பங்களில் அவற்றின் வாய்ப்பு கூடுகிறது. இக்குழந்தைகளுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்தியாவில் பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. உயிருள்ள கிருமியாலானது; கடுமையான குறைபாடுள்ள குழந்தையின் உடலெங்கும் அது பரவக்கூடும். மற்றக் குழந்தைகளுக்கு அத்தடுப்பூசி அவசியம். ஆனால் கைக்குழந்தையாக ஒரு பிள்ளையைத் தொற்றுக்குப் பறிகொடுத்த பெற்றோர், அடுத்த கருவின்போதே அதை மருத்துவரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பி.சி.ஜி.யைத் தள்ளிவைக்கலாமா என்று கேட்க வேண்டும்.