பஞ்சாங்கம் கடல் கடந்தபோது: கிள்ளான் பள்ளத்தாக்கின் சூரியோதயக் கணக்கு

1825 மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பகுதிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தென்னிந்தியக் காலக்கணிதத்தை ஆராய்ந்த ஜான் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். கையில் ஏடில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, வேண்டிய எண்களை மனப்பாடத்திலிருந்தே எடுத்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குத் தவறியது ஏறத்தாழ 4 நிமிடம். முடியும் நேரத்தில் பிழை இன்னும் கூடியது. வாரன் இதைத் தம் ‘கால சங்கலித’ நூலில் பதிவு செய்தார். 1952-இல் வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நாய்கெபவர் இந்த முறையை ஆராய்ந்து எழுதிய கட்டுரைக்கு இட்ட தலைப்பே ‘தமிழ் வானியல்’.

அந்த மனப்பாடத்துக்குப் பெயர் வாக்கியம். நிலா ஒரே வேகத்தில் நகர்வதில்லை; பூமியை நெருங்கும்போது விரைகிறது, விலகும்போது தளர்கிறது. ஒரு நெருக்கத்திலிருந்து அடுத்த நெருக்கத்துக்குச் சுமார் 27½ நாள். இப்படி ஒன்பது சுற்று முடிந்தால் ஏறக்குறையச் சரியாக 248 நாள். ஆகவே 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றின் எழுத்துகளுக்குள்ளும் அந்த நாளுக்குரிய நிலாவின் இருப்பிடம் எண்ணாகப் பொதிந்திருக்கும். வான் கணிதத்தை நாவில் ஏற்றி வைத்த இந்த ஏற்பாடு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

வாக்கியக் கணக்கு வானிலிருந்து மெல்ல விலகி வந்ததைச் சுட்டிக்காட்டியவர்களில் முதன்மையானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய அவர், 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். கண்ணால் கண்டு சரிபார்த்த திருக்கணிதத்துக்காக அவர் வாதாடினார். ஆனால் இரு முறைகளுக்கும் பொதுவான ஒன்று உண்டு: நாள் சூரியோதயத்தில் தொடங்குகிறது. அந்தச் சூரியோதயம் ஏதாவது ஓர் ஊருக்குரியது.

அந்த ஊராக மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள ஷா ஆலமை எடுத்துக்கொள்வோம். 1978-இல் அது சிலாங்கூரின் தலைநகரானது. அதற்கு முன் இங்கே சுங்கை ரெங்கம் முதலிய தோட்டங்கள். அங்கே உழைத்த தமிழர்கள் பார்த்த கடிகாரம் அடிக்கடி மாறியது. மலாயாவின் பொது நேரம் 1905-இல் கிரீன்விச்சுக்கு 7 மணி முன்னதாக வைக்கப்பட்டது. 1933-இல் 7 மணி 20 நிமிடம், 1941-இல் 7½ மணி. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம். போருக்குப் பின் மீண்டும் 7½. 1982 ஜனவரி 1 முதல் 8 மணி. சூரியன் எப்போதும்போல உதித்தது. முள்தான் முன்னே போய்க்கொண்டிருந்தது.

ஷா ஆலம் சென்னைக்குக் கிழக்கே சுமார் 21 பாகை. எனவே இங்கே பொழுது ஏறக்குறைய 85 நிமிடம் முன்னதாகவே விடிகிறது. சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 பாகை விலகல் கூடினால் ஒரு திதி. அது முடியும் கணம் உலகெங்கும் ஒன்றே. சென்னையில் 6 மணிக்குச் சூரியோதயம் என்று கொள்வோம். திதி ஒன்று அங்கே காலை 5.30-க்கு முடிந்தால், உதயத்தில் இருப்பது அடுத்த திதி. அதே கணம் இங்கே 8 மணி; ஆகவே 7.10 அளவில் இங்கே சூரியன் உதித்தபோது பழைய திதியே நடந்துகொண்டிருந்தது. சென்னை நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டினால் மட்டும் போதாது, அன்றைய திதியே மாறிவிடும். அச்சிடுவோர் எந்த ஊர்ச் சூரியோதயம் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்வது கடமை என்பேன்.

இராகு காலம் இன்னும் தெளிவான சான்று. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை என்பது 6 மணிக்கு விடியும் ஊருக்கான கணக்கு. பகலை எட்டாகப் பகுத்து இரண்டாம் பங்கை எடுத்தால், ஷா ஆலமில் அது ஏறத்தாழ 8.40 முதல் 10.10 வரை. உச்சிப் பொழுதும் அப்படியே. கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைவாசலில் நிற்பவரின் நிழல் மிகவும் குறுகுவது 12 மணிக்கன்று, பெரும்பாலான நாட்களில் ஒன்றேகால் மணியை ஒட்டித்தான்.