பிள்ளைகளோடு உடன் நடப்போம்: பங்கு இளையோர் வழிகாட்டிகளுக்கு ஒரு சிந்தனை



ஆயக்குடி என்றதும் பழனி வட்டாரத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கொய்யாப்பழம். அந்தக் கொய்யாவைப் பறிக்கவும், தரம் பிரிக்கவும், பெட்டியில் அடுக்கவும் விடியலுக்கு முன்பே எழும் குடும்பங்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் ஒருவனை நினைத்துப் பார்ப்போம். ஞாயிறு காலையில் அப்பாவோடு தோப்புக்குப் போய்விட்டு, திருப்பலி பாதி முடிந்த பிறகு ஆலய வாசலில் வந்து நிற்கிறான். மறைக்கல்வி வகுப்புக்கும் சரியாக வருவதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே பக்தி இருக்கிறது?" என்று நாம் சொல்லிவிடுகிறோம். அவன் ஏன் தாமதமாக வந்தான் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இளையோர் பணி இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

திருப்பொருள் அறையில் நடந்தது

1841ஆம் ஆண்டு டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் பெருவிழா. இத்தாலியின் தூரின் நகரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தின் திருப்பொருள் அறையில் இளங்குருவான தொன் போஸ்கோ திருப்பலிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். குளிருக்கு ஒதுங்கி உள்ளே வந்த பர்த்தலமேயு கரேல்லி என்ற ஏழைச் சிறுவனிடம், பூசைக்கு உதவும்படி ஆலயப் பணியாளர் கேட்டார். தனக்குத் தெரியாது என்றான் சிறுவன். பணியாளர் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோவோ, "அவன் என் நண்பன்" என்று சொல்லித் திரும்ப அழைத்தார்.

அவனுக்கு அப்பா, அம்மா இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. செபமும் தெரியாது. கேட்ட ஒவ்வொன்றுக்கும் இல்லை என்ற பதிலே வந்தது. கடைசியில், "உனக்குச் சீட்டியடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார் தொன் போஸ்கோ. சிறுவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மறைக்கல்வி தொடங்கியது.

சலேசிய சபையின் இளையோர் பணி தன் தொடக்கமாக இன்றும் நினைவுகூருவது இந்த நாளைத்தான். அறிவு, சமயம், அன்புப் பரிவு ஆகிய மூன்றையும் தூண்களாகக் கொண்ட தொன் போஸ்கோவின் தடுப்பு முறைக் கல்வி 1906இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர்கள் வழியாக நம் தமிழகத்திலும் வேரூன்றியது. பிள்ளை தவறியபின் தண்டிப்பதைவிட, தவறாதபடி அவன் அருகில் இருப்பதே மேல் என்பது அதன் சாரம். நமது பங்கில் தாமதமாக வரும் மகனுக்கு நாம் விரட்டும் பணியாளரா, திரும்ப அழைக்கும் தொன் போஸ்கோவா?

பார், சீர்தூக்கு, செயல்படு

பெல்ஜியம் நாட்டில் 1882இல் பிறந்த ஜோசப் கார்டைன், உழைப்பாளர் வீட்டுப் பிள்ளை. அவர் குருமடத்தில் சேர்ந்தபோது அவருடைய பள்ளித் தோழர்கள் ஆலைகளில் வேலைக்குச் சென்றனர். விடுமுறைக்கு வீடு திரும்பியவரை அந்தத் தோழர்கள் அந்நியராகப் பார்த்தனர். திரு அவை தங்களைக் கைவிட்டுவிட்டது என்று அவர்கள் எண்ணியதே அவரது உள்ளத்தை உலுக்கியது. குருவான பின் அவர் உருவாக்கியதுதான் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம். பின்னர் வந்த இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் அவர் காட்டிய முறையையே பின்பற்றுகிறது. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் தமது சமூகச் சுற்றுமடலில் இந்த முறையை இளையோருக்குப் பரிந்துரைத்தார்.

மேலே சொன்ன மகனுக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம்.

முதலில் பார்ப்பது: அவன் வீட்டுக்குப் போவது, எத்தனை மணிக்கு எழுகிறான், எப்போது படிக்கிறான் என்று தெரிந்துகொள்வது. அடுத்து சீர்தூக்குவது: நற்செய்தியின் ஒளியில், இதில் எது சரி, எது மாற வேண்டும் என்று அவனோடும் அவன் தோழர்களோடும் சேர்ந்து யோசிப்பது. பெற்றோருக்குக் கைகொடுப்பது நல்லது. அதற்காகப் படிப்பு பாழாவது நல்லதா? இறுதியாகச் செயல்படுவது: மறைக்கல்வி வகுப்பை மாலைக்கு மாற்றுவது, தேர்வுக் காலத்தில் பங்கு மண்டபத்தை மாலை நேரப் படிப்புக்குத் திறந்துவிடுவது. சிறிய செயலாக இருக்கட்டும். அதை இளையோரே முடிவெடுத்துச் செய்யட்டும்.

எம்மாவு வழியில்

2018 அக்டோபரில் உரோமையில் நடந்த இளையோர் பற்றிய ஆயர்கள் மாமன்றம், இளையோர் பணிக்கு எம்மாவுச் சீடர்களின் நிகழ்வையே (லூக்கா 24) முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது. அந்தச் சீடர்கள் எருசலேமை விட்டு விலகித்தான் நடந்துகொண்டிருந்தனர். இயேசு அவர்களைத் தடுத்து நிறுத்தவில்லை. அவர்கள் போன திசையிலேயே உடன் நடந்து, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். அவர்கள் மனக்குறையெல்லாம் கொட்டித் தீர்த்த பிறகே மறைநூலை விளக்கினார். நாமோ பல நேரங்களில் கேட்பதற்கு முன்பே விளக்கத் தொடங்கிவிடுகிறோம்.

மாமன்றத்தைத் தொடர்ந்து 2019 மார்ச் 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் 'கிறிஸ்து வாழ்கிறார்' என்ற திருத்தூது ஊக்கவுரையில் கையொப்பமிட்டார். இளையோர் திரு அவையின் நாளைய மக்கள் மட்டும் அல்லர், இன்றைய மக்களும்கூட என்பது அதன் மையக் கருத்து. தங்களுக்கு எப்படிப்பட்ட வழிகாட்டி வேண்டும் என்று இளையோர் கூறியதும் அதில் இடம்பெற்றுள்ளது (எண் 246). குறையில்லாத மனிதரை அவர்கள் கேட்கவில்லை. தன் குறையை ஒத்துக்கொள்பவராக, தீர்ப்பிடாமல் கேட்பவராக, தங்களைச் சுயமாக நடக்க விடுபவராக இருக்க வேண்டும் என்றே கேட்டார்கள்.

பள்ளிக்கூடமும் பங்கும்

கல்வி உரிமைச் சட்டம் (2009) 6 முதல் 14 வயது வரையே இலவசக் கட்டாயக் கல்விக்கு உறுதி தருகிறது. அதற்குப் பிறகுதான் ஆபத்து. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தோற்றால், "படித்தது போதும், வேலைக்குப் போ" என்ற சொல் பல வீடுகளில் எழும். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகள் அதிகம். திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வளரிளம் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' தமிழகத்தில் எத்தனை பெண்களின் படிப்பைப் பறித்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

எனவே வழிகாட்டிக்குச் செபப் புத்தகத்தோடு சில நடைமுறைச் செய்திகளும் தெரிந்திருக்க வேண்டும். தோற்ற பாடத்தை அடுத்து வரும் துணைத் தேர்விலேயே எழுதி, அந்த ஆண்டே மேல்படிப்பில் சேர முடியும். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் ரூ.1000 வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவருக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகைகள் உண்டு. சரியான சாதிச் சான்றிதழ் கையில் இல்லாததால் அதை இழக்கும் பிள்ளை நம் பங்கிலேயே இருக்கலாம். தாலுகா அலுவலகத்துக்கு அவனோடு ஒருநாள் போய் வருவதும் நற்செய்திப் பணியே!

அரசுப் பணித் தேர்வுகளுக்குக் கட்டணம் வாங்காமல் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி மையத்தால் ஆயக்குடியின் பெயர் தமிழகமெங்கும் அறியப்பட்டிருக்கிறது. பெரிய கட்டடமும் பணமும் வந்த பிறகுதான் நல்லது செய்ய முடியும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சாட்சி. நம் பங்கில் படித்து வேலையில் இருப்போர் வாரம் இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதாதா?

கைப்பேசியும் கையில் கட்டும் கயிறும்

கைப்பேசியைத் திட்டாத பெற்றோர் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், கணினியில் ஊறிய பிள்ளை. நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையதளம் அமைத்தவர். 2006இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 15. தன் விளையாட்டு நேரத்துக்குத் தானே அளவு வைத்துக்கொண்டவர் அவர். பிடுங்கி வைப்பதைவிட, அளவு வைக்கக் கற்றுக்கொடுப்பது கடினம். ஆனால் அதுவே நிலைக்கும். இதில் பெரியவர்களாகிய நாம் முதலில் முன்மாதிரி காட்ட வேண்டும்.

கைப்பேசியைவிட நாம் குறைவாகப் பேசுவது சாதியைப் பற்றி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் உடன் படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர்கள் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு கட்டும் பழக்கத்தைப் பிள்ளை எங்கிருந்து கற்றான்? வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும்தானே? திருவிழாவிலும் கல்லறைத் தோட்டத்திலும் நாம் வேற்றுமை பாராட்டினால், இளையோர் கூட்டத்தில் சமத்துவம் பேசி என்ன பயன்?

பாதுகாப்பு நம் கடமை

மனம் திறந்து பேசும் பிள்ளையிடம், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வழிகாட்டி வாக்குக் கொடுக்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். குற்றம் செய்தவர் பங்கைச் சேர்ந்தவரானாலும் இதில் மாற்றமில்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. தேர்வு பயத்தாலோ மனச்சோர்வாலோ வாடும் பிள்ளைக்கு 14416 என்ற மனநல உதவி எண் உண்டு. இவற்றை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். செபிப்போம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம்.

சிந்திப்போம்

நம் பங்கில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் அனைவரின் பெயரும் நமக்குத் தெரியுமா? கடந்த ஆண்டு படிப்பை நிறுத்தியவர் யார்? பங்குப்பேரவையிலும் அன்பியத்திலும் இளையோர் பேசும்போது, இறுதிவரை கேட்கிறோமா?

யாயீரின் மகளுக்கு வயது பன்னிரண்டு. அவளை உயிர்ப்பித்த இயேசு, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி வீட்டாரிடம் சொன்னார் (மாற்கு 5:43). உயிர் தந்தவர் அவர். சோறு போடும் பொறுப்பை வீட்டாரிடம் விட்டார். நம் பிள்ளைகளை எழுப்புபவர் ஆண்டவரே. அவர்களுக்கு நேரம் கொடுப்பதும், செவி கொடுப்பதும், துணை நிற்பதும் நம் பங்கு. வரும் ஞாயிறு வாசலில் தாமதமாக வந்து நிற்கும் பிள்ளையை, பெயர் சொல்லி உள்ளே அழைப்போமா?