எரிக்கத் தெரிந்தவர்கள்

காடு பிழைக்க வேண்டுமானால் பருவம் பார்த்து அதற்குத் தீ வைக்க வேண்டும் என்று நம்பும் பழங்குடிகள் உலகில் பல உண்டு. அவர்களில் இருவரை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர், வட ஆஸ்திரேலியாவில் மேற்கு ஆர்னம் லேண்டின் பினிஞ் மக்கள். மற்றவர், நம் சத்தியமங்கலம் காட்டை அடுத்து, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர். பினிஞ் மக்கள் தீ வைத்தால் சம்பளம். சோலிகர் வைத்தால் வழக்கு.

ஆர்னம் லேண்டில் மழைக்காலம் முடிந்து ஓரிரு மாதங்களில் புல் காய ஆரம்பித்துவிடும். மண்ணில் மட்டும் ஈரம் இருக்கும். இரவில் பனி இறங்கும். அந்த நாட்களில் வைக்கும் தீ தாழ்வாகவே ஊர்ந்து, பொழுது சாய்ந்தபின் பெரும்பாலும் தானே அவிந்துவிடும். காட்டில் அங்கங்கே கருகிய திட்டுகள் விழும். ஆகஸ்ட் தாண்டி எல்லாம் காய்ந்து கிடக்கும்போது எங்காவது பெருந்தீ கிளம்பினால், அந்தத் திட்டுகளுக்கு வந்ததும் எரிக்க எதுவும் கிடைக்காமல் அடங்கிப்போகும்.

இருபதாம் நூற்றாண்டில் இம்மக்கள் மிஷன்களுக்கும் ஊர்களுக்கும் போய்விட, மணற்கல் பீடபூமி ஆளில்லாமல் கிடந்தது. கட்டுக்கடங்காத பிற்பருவத் தீ ஆண்டுதோறும் அதைத் தின்றது. பார்டயல் நட்ஜமெரெக் என்ற மூத்த ஓவியர் முதுமையில் அங்கேயே திரும்பிப் போய்க் குடியேறினார். அவரைப் போன்றவர்களின் நினைவிலிருந்த அறிவோடு விஞ்ஞானிகளும் சேர்ந்துகொண்டார்கள். டார்வினில் உள்ள எரிவாயு ஆலையுடன் செய்த ஒப்பந்தத்தின்படி 2006இல் சுமார் 28,000 சதுர கிலோமீட்டரில் வேலை தொடங்கியது. முன்பருவத்தில் எரித்து, ஆண்டுக்கு 1,00,000 டன் கரியமில வாயுவுக்கு ஈடான வெளியேற்றத்தைக் குறைப்பது இலக்கு. அதற்கு ஆலை பணம் தருவதாக ஏற்பாடு. எரிவாயு ஆலையின் புகைக்குப் பழங்குடி அறிவு ஈடாக வைக்கப்படுவது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆட்களுக்குச் சம்பளமும், மலைக்குப் போய்வர வழியும் அந்தப் பணத்தில்தான் அமைந்தன. இன்று பினிஞ் ரேஞ்சர்கள் ஹெலிகாப்டரிலிருந்தும் தீ வைக்கிறார்கள், நடந்துபோயும் வைக்கிறார்கள்.

சோலிகரிடம் இருப்பதும் இதே வகை அறிவுதான். அதற்கு அவர்கள் மொழியில் தரகு பெங்கி என்று பெயர். தை, மாசியில், சருகு மலையாகக் குவியுமுன் வைக்கும் சிறு தீ. பட்டை தடித்த மரங்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. உண்ணிச்செடிக் கன்றுகள் கருகும், நெல்லி மரத்தை உறிஞ்சும் புல்லுருவி கட்டுப்படும், பிறகு துளிர்க்கும் புல்லுக்கு மான் வரும் என்பது அவர்கள் அனுபவம்.

1974இல் அந்த மலை சரணாலயமாயிற்று. காட்டுக்குள் சிதறியிருந்த குடிகள் பெயர்க்கப்பட்டார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் தீ வைப்பதைத் தடை செய்கிறது. 1997இல் ஆய்வாளர்கள் பார்த்த இடங்களில் 41 சதவீதத்தில் இருந்த உண்ணிச்செடி, 2008இல் 81 சதவீத இடங்களில் இருந்தது. தீ நின்றது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சோலிகப் பெரியவர்கள் அதைத்தான் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள்; அந்தப் பேச்சுக்குக் காதுகொடுக்க ஆய்வுலகம் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது.

2011 ஜனவரியில் இந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் வன உரிமைச் சட்டப்படி 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இந்த உரிமை தரப்பட்டது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. தேனும் நெல்லியும் எடுக்கலாம் என்றாயிற்று. தீ மட்டும் கைக்குத் திரும்பவில்லை.

அறிவில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் நிலைமை ஏன் இப்படி மாறுகிறது? முதல் காரணம் நில உடைமை. 1976ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டத்தால் ஆர்னம் லேண்ட் அம்மக்களுக்கே சொந்தம். தங்கள் நிலத்தில் எரிக்கிறார்கள். சோலிகர் அரசு காட்டில் உரிமை பெற்ற குடிகள். இன்னொன்று பொதுமக்கள் மனம். 2019–20 கோடையில் தென்கிழக்கு ஆஸ்திரேலியா பற்றியெரிந்து வீடுகள் சாம்பலானபோது, இந்தத் தீ முறையை அறியாத நகரத்தாரும் அதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். அடுத்து வந்த ராயல் கமிஷன் அதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. இங்கும் ஆதரவு எழாமல் இல்லை. 2019 பிப்ரவரியில், வன உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவு, நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அது பழங்குடிகள் காட்டில் இருக்கட்டும் என்ற ஆதரவு. காட்டை அவர்கள் நடத்தட்டும் என்ற ஆதரவு நம்மிடம் இன்னும் வரவில்லை. 2004இல் வந்த ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' வழியாகத் தமிழ் வாசகர்கள் சோலிகர் பட்ட கொடுமையை அறிவோம். அவர்களுக்குத் தெரிந்த காட்டை நாம் அந்த அளவுக்கு அறியவில்லை.

அதற்காகப் பிலிகிரிரங்கன் மலையில் நாளைக்கே போய்த் தீ வைத்துவிடவும் முடியாது. பல பத்தாண்டுகளாகப் புதராய் மண்டிய உண்ணிச்செடியில் பற்றினால் தழல் மரத்தின் உச்சிக்கு ஏறிவிடும். முதலில் அதைப் பிடுங்க வேண்டும். அக்கம்பக்க மலைகளில் சோலிகர் அந்தக் கொம்புகளை வேகவைத்து நாற்காலி பின்னும் வேலையும் நடக்கிறது. பிடுங்கிய ஒரு சிறு பகுதியில், கிராம சபை நாள் குறிக்க, வனத்துறையும் ஆய்வாளர்களும் உடன் நிற்க, ஒரு தை மாதத்தில் சருகுத் தீ வைத்துப் பார்க்கலாம். வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு காட்டையும் உயிர்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. வனவிலங்குச் சட்டத்தின் 30ஆம் பிரிவுத் தடையை மீறாமல் அந்த அதிகாரத்தை எப்படிச் செலுத்தலாம் என்பதை அரசு எழுத்தில் தெளிவாக்கித் தர வேண்டும்.