467 கிணறுகளின் முகவரி

சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்களுக்கு வேலூர் வழக்கு பாலபாடம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனு அது, எண் 914. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம். தண்டம் விழுந்த ஐந்து மாவட்டங்களின் பட்டியலில் ‘திண்டுக்கல் அண்ணா’வும் இருந்தது. பாலாற்று வழக்கில் பழனி மலைச்சாரல் மாவட்டத்துக்கு என்ன வேலை?

மனுவின் விவரங்களைத் தீர்ப்பு தொகுத்துச் சொல்லும் இடத்தில் ஒரு தடம் கிடைத்தது. ‘பீஸ் மெம்பர்ஸ்’ என்ற தன்னார்வ அமைப்பு இரண்டு ஒன்றியங்களில் 13 கிராமங்களைச் சுற்றிக் கணக்கெடுத்திருக்கிறது. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நான்கில் மூன்று! பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணீருக்கு மைல் கணக்கில் நடந்தார்கள் என்றும் அங்கே பதிவாகியிருக்கிறது.

முதல் ஒன்றியம் திண்டுக்கல். இரண்டாவதன் பெயர், என் கைக்கு வந்த படியில் ‘பெட்டியார் சத்திரம்’. மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியப் பட்டியலில் அப்படியொரு பெயரே கிடையாது. ஒருவேளை பழைய பெயரோ? திண்டுக்கல் 1985இல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய காகிதங்களை மதுரைக் கட்டுகளில் தேட வேண்டும். 1997இல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது ‘அண்ணா’வும் போயிற்று. ஆனால் மாவட்டப் பெயர் மாறியதே தவிர, சத்திரம் மாறவில்லை. அதே வரியில் ‘பஞ்சாயத்து’ என்ற சொல்லும் ஆங்கிலத்தில் முதலெழுத்தை இழந்து ‘அஞ்சாயத்து’ ஆகியிருந்ததைக் கவனித்ததும் முடிச்சு அவிழ்ந்தது. தட்டச்சுப் பிழை. அது ரெட்டியார்சத்திரம். திண்டுக்கல் ஒன்றியத்தை ஒட்டி, பழனிச் சாலையில் இருப்பது. தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக்காரர்கள் ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் கடக்கிற ஊர்.

அந்தக் கணக்கின் பக்கத்தில் என்னென்ன சான்றுகள் இருக்கின்றன என்று பார்த்தேன். சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழானதாகச் சொன்ன வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையம். தமிழ்நாடு சட்ட உதவி வாரியம் அனுப்பிய இரண்டு வழக்கறிஞர்களின் அறிக்கை. இந்தப் பெரிய அமைப்புகளின் வரிசையில்தான் கிணறு கிணறாக எண்ணிய தன்னார்வலர்களின் கணக்கும் நின்றது. ஏழைகளுக்கான சட்டப் பணி என்றதும் கறுப்புக் கோட்டுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் வாதத்துக்குச் சரக்கு கொடுத்தவர்களில் நோட்டுப்புத்தகத்தோடு ஊர் சுற்றியவர்களும் உண்டு.

அந்தத் தீர்ப்பு கெடுத்தவனே ஈடு தர வேண்டும் என்றது. கேடில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பையும் தொழில் நடத்துபவர் மேல் வைத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வேண்டும் என்றது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. அடுத்த மாதமே அது அமைந்தது. யார் கெடுத்தார், எவ்வளவு தர வேண்டும், யாருக்குப் போக வேண்டும் என்று ஆள்வாரியாக ஆணையம் பட்டியலிட வேண்டும். கலெக்டர் அதை வசூலித்துப் பங்கிட வேண்டும்.

தீர்ப்பில் அந்த 13 கிராமங்களின் பெயர் இல்லை. மாசு நடந்ததென்று காட்ட 350 என்ற எண் உதவும். ஈட்டுத்தொகை கைக்கு வர அது போதாது. ஊர், புல எண், உரியவர் பெயர் எல்லாம் வேண்டும். இன்று பழனிப் பக்கம் கிணறு கெட்டதென்று மனு எழுத உட்காருகிறவர்களுக்கு இந்தத் தேடலிலிருந்து நான் சொல்லக்கூடியது இதுதான்: எண்ணிக்கையை முன்பக்கத்தில் போடுங்கள், ஒவ்வொரு கிணற்றின் ஊரையும் புல எண்ணையும் பிற்சேர்க்கையாக வையுங்கள். ஒரு படியை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்குப் போய்த் திரும்பும்போது ரெட்டியார் பெட்டியாராகலாம்; கிணறு யாருடையது என்பது மாறக் கூடாது.