நிறுத்தும் வலு

ஓடும் வண்டியை விரைவுபடுத்துவதிலும், வேண்டியவிடத்து நிறுத்துவதே அரிது. ஒஸ்ரின்-ஹீலி நூறு எஸ் என்னும் இருவர் அமரும் பந்தய வண்டியின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

1931ஆம் ஆண்டின் மொன்ரி கார்லோ மோட்டார்ப் போட்டியில் வெற்றி பெற்ற டொனால்ட் ஹீலி, பிற்காலத்தில் இங்கிலாந்தின் வோரிக் நகரில் சிறு தொழிற்சாலையொன்றை நடத்தினார். 1952இல் இலண்டன் மோட்டார்க் காட்சியில் அவர் வைத்த வண்டி, மணிக்கு 100 மைல் செல்ல வல்லதாதலின் 'நூறு' எனப்பட்டது. அதன் எஞ்சின் ஒஸ்ரின் நிறுவனத்தினது. அங்கு அதனைக் கண்ட ஒஸ்ரின் தலைவர் லெனார்ட் லோர்ட், தம் தொழிற்சாலையிலேயே அதனைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்ய முன்வந்தார்.

1954இல் அமெரிக்காவின் செப்ரிங் நகரில் நடந்த 12 மணிநேரப் பந்தயத்தில் இவ்வண்டியின் திருந்திய வடிவம் மூன்றாமிடம் பெற்றது. அவ்வூர்ப் பெயரின் முதலெழுத்தே 'எஸ்' ஆயிற்று. 1955இல் இவ்வகையில் 50 வண்டிகள் விற்பனைக்கென அமைக்கப்பட்டன. 90 குதிரைவலு 132 ஆக உயர்ந்தது. உடல் அலுமினியத் தகட்டாலாயது. இவற்றினும் சிறந்தது, நான்கு சக்கரங்களிலும் பொருத்திய தட்டுப் பிறேக். பழைய உருளைப் பிறேக் அடிக்கடி மிதித்தால் உள்ளே சூடேறி வலுவிழக்கும். தட்டோ திறந்த காற்றிற் சுழன்று விரைவில் ஆறும்.

ஆயினும், 1955 யூன் 11ஆம் நாள் பிரான்சின் லு மான் பந்தயத்தில் பெருந்துயர் நேர்ந்தது. தட்டுப் பிறேக் கொண்ட யாகுவார் வண்டியைச் செலுத்திய ஹோதோர்ன், எரிபொருள் நிரப்புமிடத்தை நாடி வேகத்தைக் குறைத்தார். பின்னால் நூறு எஸ் வகை வண்டியில் வந்த லான்ஸ் மக்லின், மோதலைத் தவிர்க்க இடப்பக்கம் விலகினார். மிகுவிரைவில் வந்த லெவேயின் மெர்சிடிஸ் அவர் வண்டியின் பின்புறத்தில் ஏறி, மேலெழுந்து மண்ணணையில் மோதிச் சிதறியது. அதன் பாகங்கள் கூட்டத்துட் பாய்ந்தன. லெவேயும் எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளரும் மாண்டனர். மக்லின் உயிர் தப்பினார்.

விசாரணை எந்தச் சாரதிமீதும் குற்றஞ் சுமத்தவில்லை. 1923இல் அப்பந்தயம் தொடங்கிய காலத்து வண்டிகளின் வேகம் பன்மடங்கு பெருகியிருந்தது. பாதையின் ஒடுக்கமும் மக்களைக் காக்கும் அணையும் அதற்கேற்ப மாறவில்லை. பின்னர் அவ்விடம் திருத்தியமைக்கப்பட்டது. சுவிற்சர்லாந்து சுற்றுப்பாதைப் பந்தயங்களையே தடைசெய்தது.

தட்டுப் பிறேக் இன்று சாதாரண குடும்ப வண்டிகளிலும் உள்ளது. பந்தயக் களத்தின் வெற்றிக் கிண்ணங்களை உலகம் மறந்துவிடினும், அங்கு தேர்ந்த இக்கருவி தெருவிலே நாள்தோறும் உயிர்களைக் காத்து வருகின்றது.